மண்ணில்லாத் தோட்டமும் சந்தைக் கடையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு பொறுமையாக வாசியுங்கள். வரலாற்றுப் பாடம் என்றாலே ஓடுகிறவர்கள் கடைசிப் பத்திகளையாவது வாசித்துவிட்டுப் போங்கள். அதில் நம் வீட்டுக் கதை இருக்கிறது.

போன பொங்கலுக்கு என் தம்பி மகன் ஊருக்கு வந்திருந்தான். பெயர் எழுதவில்லை, உறவுகளுக்குத் தெரியும். எழுதலாமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டான். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் குழாய்கள், அதில் ஓட்டை ஓட்டையாக, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பச்சைச் செடி. மண் என்பது கண்ணிலேயே படவில்லை.

"ஹைட்ரோபோனிக்ஸுங்க அத்தை. மண்ணே வேண்டாம். தண்ணியும் கொஞ்சம் போதும். பத்து சென்ட்டுல குடில் போட்டா மாசாமாசம் அறுவடை. கம்பெனிக்காரங்களே வந்து எல்லாம் மாட்டிக் கொடுத்துடுவாங்க."

"எங்கே கண்ணு விக்கிறது?"

"நம்மூர் சந்தையிலதானுங்க. மருந்தடிக்காத காய்னா இப்ப எல்லாரும் வாங்குறாங்களே."

"என்ன போடப் போறே?"

"லெட்டூஸ்."

நாற்பது வருடமாக நான் அந்தச் சந்தைக்குப் போய் வருகிறேன். லெட்டூஸ் கேட்டு வந்த ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் உடனே வாயைத் திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. அவன் அப்பா, என் தம்பி, முதன்முதலில் மஞ்சள் காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடப் போகிறேன் என்றபோது, "காசைக் கொண்டுபோய்க் காட்டில் கொட்டாதே" என்று தடுத்தவள் நான்தான். இன்று எங்கள் பக்கம் சொட்டுநீர் இல்லாத மஞ்சள் காட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் புதியது என்று வந்தால் முதலில் படித்துவிட்டுப் பேசுவது என்று வைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வங்கிக் கடனுக்கு அவன் அம்மாவின் நகை போகிறது. ஜாமீன் கையெழுத்து என்னுடையது. கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன ஏது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? ஒரு மாதம் கேட்டேன். படித்தேன். படித்ததை அவனுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

தொட்டியில் வளர்ந்த மரம்

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு ஹெல்மாண்டை நினைவிருக்கும். இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்தவர். நன்றாக உலர்த்திய 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடம் கழித்துப் பிடுங்கி எடை போட்டால், மரம் 169 பவுண்டு. மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால், குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். நம் கணக்கில் மரம் ஏறத்தாழ 77 கிலோ, மண் இழந்தது 60 கிராமுக்கும் குறைவு. அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது.

மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார். அது தவறு. காற்றிலிருந்து மரம் எடுத்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 'கேஸ்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவரே அவர்தான் என்பது வேடிக்கை. மண் இழந்த அந்த 2 அவுன்ஸையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1699இல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாத் தண்டுகளைப் பலவிதத் தண்ணீரில் வளர்த்தார். மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்டத்து மண்ணைக் கரைத்த நீர் என்று வரிசையாக வைத்தார். சுத்தமான மழைநீரில் செடி சோனியாக இருந்தது. மண் கரைந்த நீரில் செழித்தது. செடிக்குத் தண்ணீர் மட்டும் போதாது, தண்ணீரில் கரைந்த ஏதோ ஒன்று வேண்டும் என்பது தெரிந்தது.

அந்த 'ஏதோ ஒன்று' என்னென்ன என்று 1860களில் ஜெர்மனியின் சாக்ஸும் நோப்பும் கண்டறிந்தார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மக்னீசியம், கந்தகம், இரும்பு. இவற்றின் உப்புகளை அளந்து கரைத்தால், மண் இல்லாமலே ஒரு செடி முளைத்து, பூத்து, விதை விடும் என்று கண்ணாடி ஜாடியில் காட்டினார்கள். ஹெல்மாண்ட் கண்டுகொள்ளாமல் விட்ட 2 அவுன்ஸுக்கு ஏறத்தாழ 200 வருடம் கழித்து விடை கிடைத்தது.

இதுவரை நடந்ததெல்லாம் ஆய்வுக்கூடக் கதை. இதை விளைவித்து விற்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கலிபோர்னியாவின் அதிசயத் தக்காளி

விற்பனைக் கதை தொடங்குவது 1929இல், அமெரிக்காவில். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வில்லியம் கெரிக் என்ற ஆசிரியர், ஜாடியில் செய்ததைத் தொட்டியில் செய்யலாம், வியாபாரமாகவே செய்யலாம் என்றார். தொட்டித் தண்ணீரில் அவர் வளர்த்த தக்காளிக் கொடி 25 அடி உயரம் போனதாம். ஏணி வைத்துக் காய் பறிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

1937இல் இதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை அவர் வெளியிட்டார். பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் செட்செல் என்ற சக பேராசிரியர். கிரேக்கத்தில் 'ஹைட்ரோ' என்றால் தண்ணீர், 'போனோஸ்' என்றால் உழைப்பு. வீடியோக்களில் தண்ணீர் பளபளவென்று ஓடுகிறது. பெயரில் உள்ள இரண்டாவது பாதியை யாரும் காட்டுவதில்லை.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். அமெரிக்காவில் அது பொருளாதார மந்தக் காலம். வேலை இழந்தவர்கள் ஏராளம். "அறைக்குள் தொட்டி வைத்துக் காய்கறி விளைவித்துப் பணக்காரர் ஆகலாம்" என்று சாமான் விற்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். தொட்டியும் உப்புப் பொட்டலமும் விற்றவர்கள் சம்பாதித்தார்கள். வாங்கியவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். நம் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈமு கோழி காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பல்கலைக்கழகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. கெரிக் தன் உப்புக் கலவைக் கணக்கை வெளியில் சொல்ல மறுத்தார். என் சொந்த நேரத்தில் கண்டுபிடித்தது என்றார். அதனால் ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இருவரை நிர்வாகம் இதை ஆராயச் சொன்னது. 1938இல் அவர்கள் ஒரு சிறு வெளியீடு போட்டார்கள். உப்புகளின் அளவை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி எழுதிவிட்டார்கள். ஹோக்லண்ட் கரைசல் என்று இன்றும் உலகம் முழுவதும் புழங்குவது அதுதான்.

கூடவே இன்னொன்றையும் எழுதினார்கள். நல்ல மண்ணில் நன்றாகப் பயிர் செய்தால் என்ன விளையுமோ, தண்ணீரிலும் ஏறத்தாழ அதுவே விளையும். வெயிலும் வெப்பமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தொட்டிக்கு என்று தனி மாயம் கிடையாது. மண் சரியில்லாத இடத்தில், செலவைத் தாங்கும் விலை கிடைக்கும் இடத்தில் இது பயன்படலாம்.

ஆர்ப்பாட்டமில்லாத அந்த முடிவை நான் மூன்று முறை படித்தேன். என் தம்பி மகனிடம் வந்த கம்பெனிக்காரர் "எங்க சத்துக் கலவை ரகசியம், எங்ககிட்டதான் வாங்கணும்" என்று சொல்லியிருந்தார். 1938லேயே ஊருக்குச் சொல்லியாகிவிட்ட ரகசியம் அது.

மண்ணே இல்லாத இடங்கள்

அப்படியானால் ஹைட்ரோபோனிக்ஸ் எங்குமே ஜெயிக்கவில்லையா என்றால், ஜெயித்தது. எங்கே என்று பாருங்கள்.

பசிபிக் கடலின் நடுவில் வேக் தீவு என்று ஒரு பவளத் திட்டு. 1930களில் அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குப் பறந்த பான் அமெரிக்கன் விமானங்கள் அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பும். பயணிகள் இரவு தங்க ஓட்டல் உண்டு. பயிர் செய்ய மண் கிடையாது. பச்சைக் காய்கறி எல்லாம் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வர வேண்டும். 1938இல் அங்கே தொட்டி வைத்துத் தக்காளி, பீன்ஸ், கீரை வகைகள் விளைவித்தார்கள். அறுத்த காய் நேரே ஓட்டல் சமையலறைக்குப் போனது. 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கும்வரை பயணிகளும் அங்கே வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1945இல், அட்லாண்டிக் கடலில் உள்ள அசென்ஷன் தீவில் அமெரிக்க விமானப் படையினர் இதையே பெரிதாகச் செய்தார்கள். அது எரிமலைப் பாறைத் தீவு. சரளைக்கல் படுக்கை போட்டு, கடல்நீரைக் காய்ச்சி வடித்த நல்ல தண்ணீரில் உப்புகளைக் கரைத்து விட்டார்கள். அந்தத் தண்ணீரின் விலையை நினைத்தால், நம்மூர்ச் சந்தையில் அந்தக் காயை யாரும் வாங்க முடியாது. ஆனால் படைவீரருக்குப் பச்சைக் காய் தேவை. செலவு அரசாங்கத்தின் தலையில்.

போர் முடிந்து ஜப்பானில் தங்கிய அமெரிக்கப் படை, 1946இல் டோக்கியோவுக்குப் பக்கத்தில் சோஃபு என்ற இடத்தில் ஏறத்தாழ 22 ஹெக்டேரில் மண்ணில்லாப் பண்ணை அமைத்தது. ஜப்பானில் மண்ணுக்கா பஞ்சம்? இல்லை. அந்தக் காலத்தில் அங்கே மனிதக் கழிவை வயலுக்கு எருவாகப் போடுவது வழக்கம். அந்த வயலில் விளைந்ததைப் பச்சையாகத் தின்றால் நோய் வரும் என்று படை பயந்தது. சமைக்காமல் தின்னும் காய்க்குச் சுத்தமான விளைச்சல் தேவைப்பட்டது.

மூன்று இடத்துக்கும் பொதுவான ஒன்றை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். விதை போடுவதற்கு முன்னாலேயே தின்கிறவர் வாசலில் நின்றிருந்தார். பக்கத்து மண்ணிலிருந்து அவருக்குக் காய் கிடைக்க வழியில்லை, அல்லது கிடைத்தாலும் அவர் தின்னத் தயாராக இல்லை.

நம் நாட்டில் ஒரு முயற்சி

1946இல் நம் நாட்டிலும் இது வந்தது. வங்காளத்தில், டார்ஜிலிங் பக்கத்துக் காலிம்போங்கில் இருந்த அரசுச் சோதனைப் பண்ணையில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் முயன்றார். வங்காளப் பஞ்சம் முடிந்து மூன்றே வருடம். அந்த மக்களிடம் போய் மோட்டாரும் இரும்புக் குழாயும் சிமெண்ட் தொட்டியும் வாங்கச் சொல்ல முடியுமா?

அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க முறையிலிருந்து கழிக்கக்கூடியதை எல்லாம் கழித்தார். உள்ளூரில் கிடைக்கிற பெட்டி, தகரம், செங்கல் தொட்டி. அதில் கல் சில்லும் மணலும் கலந்து நிரப்புவது. உப்புக் கலவையை உலர்ந்த பொடியாகவே மேலே தூவிக் கையால் தண்ணீர் ஊற்றுவது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இதை 1951இல் 'வங்காள முறை' என்ற பெயரோடு புத்தகமாகவும் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது.

வீட்டுத் தேவைக்குக் காய் விளைவிக்க நினைக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். லட்சக்கணக்கில் செலவு செய்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இது நான் சொல்வதில்லை, 1951லேயே அச்சில் வந்தது.

ஏலக்கடை முந்தியது, குழாய் பிந்தியது

"நெதர்லாந்தைப் பாருங்க அத்தை, சின்ன நாடு, உலகத்துக்கே தக்காளி விக்கிறாங்க" என்றான் அவன். சரி, பார்ப்போம் என்றேன்.

அங்கே கண்ணாடிக் குடிலுக்குள் வருடம் முழுக்கத் தக்காளியும் வெள்ளரியும் போட்டுப் போட்டு மண்ணில் நோய் ஏறிவிட்டது. நீராவி செலுத்தி மண்ணைச் சுத்தம் செய்யச் செலவு கூடிக்கொண்டே போனது. 1970களில் பாறையை உருக்கிப் பஞ்சு போல இழைத்த 'ராக்வூல்' பாளங்களுக்கு மாறினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் என்பவர், சரிவான வாய்க்காலில் மெல்லிய படலமாகத் தண்ணீரை ஓடவிடும் முறையை உருவாக்கினார். நம் வீடியோக்களில் பார்க்கும் வெள்ளைக் குழாய்க்கு மூலம் அதுதான். மலிவான பிளாஸ்டிக் வந்த பிறகுதான் அது நடந்தது.

ஆனால் டச்சு விவசாயிகள் காய்கறிக்கு ஏல விற்பனையைத் தொடங்கியது எப்போது தெரியுமா? 1887இல், புரூக் ஓப் லாங்கடைக் என்ற ஊரில். வியாபாரி சொன்ன விலைக்குத் தனித்தனியாக விற்று நொந்துபோன விவசாயிகள் படகில் காயை ஏற்றி ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விட ஆரம்பித்தார்கள். பிறகு ஊர் ஊராக விவசாயிகளே சேர்ந்து நடத்தும் ஏலக்கூடங்கள் வந்தன. ஆக, விற்கும் வழி வந்து 80 வருடத்துக்கு மேல் கழித்துத்தான் மண்ணில்லாப் பாளம் வந்தது. நம் பையன்கள் குழாயை முதலில் வாங்கிவிட்டுச் சந்தையைப் பிறகு தேடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், பங்களாதேஷின் தென்பகுதி. கோபால்கஞ்ச், பிரோஜ்பூர் பக்கம் வருடத்தில் பல மாதம் நிலம் தண்ணீருக்குள் கிடக்கும். அங்குள்ள விவசாயிகள் ஆகாயத்தாமரையை அள்ளி அடுக்கி, நீளமான மிதக்கும் பாத்தி கட்டுவார்கள். நம் ஏரி குளங்களை மூடிக்கொண்டு நம்மைப் படுத்துகிற அதே ஆகாயத்தாமரைதான். வீட்டுப் பெண்கள் விதையைச் சிறு உருண்டைக்குள் பொதிந்து முளைக்க வைத்துக் கொடுப்பார்கள். மிதக்கும் பாத்தியில் காயும் வளரும், நாற்றும் வளரும். நாற்று வாங்க வியாபாரிகள் படகிலேயே வருவார்கள். வெள்ளம் வடிந்ததும் பாத்தி மக்கி அடுத்த பயிருக்கு எருவாகும். பல தலைமுறையாக இருந்து வரும் இந்த முறையை 2015இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மோட்டார் இல்லை, கம்பெனி இல்லை. ஆனால் தரை முழுகிக் கிடக்கும்போது நாற்று வேண்டும் என்று படகு பிடித்து வருகிற ஆள் இருக்கிறார்.

நம் வீட்டுக் கதை

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவனுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். டீச்சர் புத்தி போகுமா? நான்கு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போய், எட்டு மணிவரை நின்று, யார் எதை எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து எத்தனையோ ஊர்களில் விளைவித்தவரே உட்கார்ந்து விற்கும் இடம் நமக்கு இருக்கிறது. அதைவிடப் பெரிய பாடசாலை எது?

முணுமுணுத்துக்கொண்டுதான் போனான். நான்காவது வாரம் நோட்டோடு வந்தான். லெட்டூஸ் கேட்டவர் யாரும் இல்லை. சந்தையில் கீரைக் கட்டு மலிவு. குழாய், மோட்டார், உப்பு, மின்கட்டணம் எல்லாம் சேர்த்து அந்த விலைக்கு அவனால் கொடுக்க முடியாது. "மருந்தடிக்காதது" என்று சொல்லிப் பார்த்தானாம். கீரைக்காரம்மா சிரித்துக்கொண்டே, "எங்கீரைக்கும் நான் மருந்தடிக்கலை சாமி" என்றாராம்.

ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அந்தக் கீரைக்காரம்மாவே சொன்னது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொத்தமல்லியும் புதினாவும் காட்டிலேயே அழுகிவிடும். அந்த நாட்களில் கட்டு கிடைக்காமல் ஓட்டல்காரர்கள் அலைவார்கள். சொன்ன விலைக்கு வாங்குவார்கள்.

அந்தக் குறிப்பைப் படித்ததும் எனக்கு வேக் தீவு ஞாபகம் வந்தது. மண் கைவிடும் இடம் என்று தேடினோம். நம் ஊரில் மண் கைவிடும் மாதம் என்று ஒன்று இருக்கிறது.

ஜாமீன் கையெழுத்து நான் போடவில்லை. பத்து சென்ட் குடில் வேண்டாம் என்று அவனிடம் நேராகவே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கம்பெனிக்கு முன்பணமாகக் கொடுத்திருந்த தொகை இன்றுவரை திரும்பி வரவில்லை. அதற்கும் என்மேல் கொஞ்சம் கோபம்தான். பிறகு என் வீட்டு மொட்டை மாடியைக் கொடுத்தேன். தொடக்கச் செலவு என் ஓய்வூதியத்திலிருந்து. திரும்பி வராவிட்டாலும் குடும்பம் மூழ்காத தொகை.

ஆடியில் மழைக்கு மேற்கூரையோடு 60 ஓட்டைக் குழாய் போட்டான். முதல் போகம் செத்துப்போனது. ஒரு நாள் மதியம் மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் கல்யாண வீட்டில் இருந்தோம். திரும்பி வருவதற்குள் வேர் காய்ந்துவிட்டது. மண்ணில் இருந்தால் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கியிருக்கும். குழாயில் வேரோடு ஒட்டிய ஈரம் தவிர வேறு சேமிப்பு கிடையாது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் சப்பென்ற உப்பு. மழைநீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக் கலந்த பிறகுதான் செடி தேறியது. சுண்ணாம்புச் சத்து உப்பையும் மற்ற உப்புகளையும் கெட்டியாக ஒரே வாளியில் கரைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும், இரண்டு வாளியில் தனித்தனியாகக் கரைத்துப் பிறகுதான் நிறையத் தண்ணீரில் சேர்க்க வேண்டும் என்பதையும் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது போகம் புதினா. 1699இல் உட்வர்ட் வளர்த்ததும் புதினாதான். குச்சியை நட்டால் ஒரு வாரத்தில் வேர் விடுகிறது. ஐப்பசி மழையில் மூன்று ஓட்டல்களுக்கு, வேரோடு, சேறில்லாமல் கட்டு கட்டினான். மிச்சத்தைக் கீரைக்காரம்மா கடையிலேயே ஓர் ஓரத்தில் வைத்து விற்றுக் கொடுத்தார். எட்டு மணிக்குள் தீர்ந்துவிட்டது என்று போன் செய்தான். குரலில் அப்படியொரு சந்தோஷம். லெட்டூஸ் வீடியோவைக் காட்டியபோதுகூட அவன் குரல் அப்படி இல்லை.

கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உப்பு, மின்சாரச் செலவு போகக் கையில் கொஞ்சம் நின்றது. அவன் உழைப்புக்குக் கூலி போட்டால் நஷ்டம்தான். தை பிறந்தால் எல்லார் காட்டிலும் புதினா வந்துவிடும், விலை இறங்கும். அப்போது என்ன போடுவது என்று நோட்டோடு மறுபடியும் சந்தைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். இப்போது நான் சொல்லாமலே போகிறான். அடுத்த மழைக்குள் மாடி முழுக்கப் போட வேண்டும் என்கிறான். இரண்டு மழைக்காலக் கணக்கைக் காட்டு, பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இந்த வயதில் இருப்பீர்கள், அல்லது இந்த வயதில் பிள்ளை வைத்திருப்பீர்கள். புதிய தொழில் என்று பிள்ளைகள் வந்து நின்றால் எடுத்தவுடன் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எடுத்தவுடன் நகையையும் கழற்றிக் கொடுக்காதீர்கள். "யாருக்கு விற்கப் போகிறாய், அவர் இப்போது யாரிடம் வாங்குகிறார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் சந்தைக்கு அனுப்புங்கள். குழாய் விற்கிறவர் எங்கும் ஓடிப்போய்விட மாட்டார்.

உங்களில் யாராவது மண்ணில்லாத் தோட்டம் போட்டு உள்ளூரில் விற்கிறீர்களா? லாபமோ நஷ்டமோ, கீழே எழுதுங்கள். என் தம்பி மகனும் படிப்பான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்